ஸ்டியரிங் கனக்கிறதா, பிடிக்கிறதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பவர் ஸ்டியரிங்கைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பி இருக்கிறார். 1990-களில் வந்த ஜப்பானிய இரண்டு இருக்கைக் கார் ஒன்றை ஆசையோடு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைவரை போய், வெயில் ஏறுமுன் திரும்பி, கவர் போட்டு மூடிவிடுவார். அடுத்த ஞாயிறுவரை கார் அசையாது. ஒருநாள் மாலை வந்து உட்கார்ந்தார். "அண்ணா, பவர் ஸ்டியரிங் டைட்டா இருக்குண்ணா. மூணு ஒர்க்‌ஷாப் பாத்துட்டேன்."

முதல் இடத்தில் ஆயிலை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் பெல்ட்டையும் பம்பையும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் பல்கம்பியான ரேக்கையே மாற்றணும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும், லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

"டைட்டுன்னா எப்போ? பார்க்கிங்லயா, ஓடும்போதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "பார்க்கிங்ல ஒண்ணும் தெரியலண்ணா. பல்லாரி ரோட்ல எண்பதுல போறப்பதான். லேசா திருப்பினா திரும்ப மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் அழுத்தினா சடக்குனு ஜாஸ்தியா திரும்பிடுது. கோடு மாறிடுவோமோன்னு பயமா இருக்கு."

பாதி விடை இந்தப் பதிலிலேயே இருக்கிறது. பார்க்கிங்கில் நன்றாக வேலை செய்யும் பம்பை மாற்றுவதால் நெடுஞ்சாலைக் கோளாறு தீராது. ஆனால் மூன்று இடத்திலும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'டைட்' என்ற சொல்லைக் கேட்டதும் பவர் ஸ்டியரிங் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் பணத்தை இழக்கிறார்கள். அதனால் இதை அடியிலிருந்து சொல்கிறேன்.

## ஒரு சொல்லுக்குள் மூன்று குறைகள்

முதல் குறை கனம். திருப்ப அதிக வலு வேண்டும். ஆனால் தயங்காமல் ஒரே சீராகத் திரும்பும். மாருதி 800 ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஒடித்தால் தோள் வலிக்கும், உருள ஆரம்பித்துவிட்டால் விரலுக்கு அடங்கும். கனமான ஸ்டியரிங், ஆனால் நோயில்லாத ஸ்டியரிங்.

இரண்டாவது பிடிப்பு. முதலில் அசையாது. வலுவைக் கூட்டினால் திடீரென்று விட்டுக்கொடுத்து, நாம் கேட்டதைவிட அதிகம் திரும்பும். தம்பி சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, நேருக்குத் திரும்பாமை. வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்சாய்வாக இருப்பதும் ஓடும் சைக்கிள் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ள உதவுகிறது. காரிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சு அப்படிச் சாய்ந்திருக்கும்; அந்தச் சாய்வுக்கு கேஸ்டர் என்று பெயர். ஸ்போர்ட்ஸ் கார்களில் இதைப் பெரும்பாலும் தாராளமாகவே வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் ஸ்டியரிங் விட்ட இடத்திலேயே நின்றால், நடுவில் எதுவோ அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அல்லது சக்கரங்கள் நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ட், மிகவும் மாறிப்போயிருக்கிறது.

கனத்துக்குப் பெரும்பாலும் காரணம் உதவி குறைவது. மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் உராய்வு கூடுவது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

## தேர் நிலையை விட்டு நகரும் நேரம்

தேர் இழுத்தவர்களுக்கு உராய்வைப் பற்றிப் பாடம் வேண்டியதில்லை. நூறு பேர் வடம் பிடித்து இழுத்தாலும் தேர் முதலில் அசையாது. பின்சக்கரத்தில் நெம்புகோல் போட்டு உந்திக் கொடுத்தால்தான் நிலையை விட்டு நகரும். நகர்ந்த பிறகோ, அதே நூறு பேரின் இழுப்புக்கு விறுவிறுவென்று வரும். முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். நிற்பதை அசைக்கவிடாமல் பிடித்திருப்பது நிலை உராய்வு. அசைந்த பிறகும் இழுத்துப் பிடிப்பது இயக்க உராய்வு. முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது.

இந்த இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் என்ன ஆகும் என்பதை நான் பீன்யாவில் தினமும் பார்க்கிறேன். கிரைண்டிங் மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். மெஷின் மேசை வழுக்கிப்போகும் பாதையில் எண்ணெய் வற்றிவிட்டால், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நகர்த்தத் திருகினால் மேசை நகராது. இன்னும் கொஞ்சம் திருகினால் ஐந்து பங்கு தாவிவிடும். திருகும் வலுவெல்லாம் தண்டில் முறுக்காகச் சேர்ந்து நிற்கிறது. பிடிப்பு விட்டதும் மொத்தமாக அவிழ்கிறது. இதை ஒட்டி வழுக்குதல் என்று சொல்லலாம். வீட்டில் பழைய மர மேசையின் இழுப்பறை செய்வதும் இதேதான்: இழுத்தால் வராது, இன்னும் இழுத்தால் மொத்தமாக மடியில் வந்து விழும்.

நெடுஞ்சாலையில் நாம் ஸ்டியரிங்கைத் திருப்புவது ஓரிரு பாகை மட்டுமே. அந்தச் சின்னத் திருத்தத்தை ஒட்டி வழுக்குதல் கெடுத்துவிடுகிறது. தாவிய காரைத் திரும்ப இழுத்தால் மறுபக்கம் தாவும். ஓட்டுபவருக்கு, கார் நேராக ஓடமாட்டேன் என்கிறது என்றுதான் தோன்றும்.

## பவர் ஸ்டியரிங் செய்யும் வேலை

நம் கை பிடித்திருக்கும் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அது நேராகப் போக இடமில்லாததால் வழியில் ஒன்றிரண்டு இடத்தில் மடங்கும். மடங்கும் இடத்தில் இருக்கும் சிலுவை வடிவக் கணுதான் யுனிவர்சல் ஜாயின்ட். தண்டின் நுனியில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியை இடமும் வலமும் தள்ளும். அந்தக் கம்பிதான் ரேக். ரேக்கின் இரு முனையிலிருந்தும் டை ராடு என்ற கம்பிகள் சக்கரங்களுக்குப் போகின்றன. மாருதி 800-இல் இவ்வளவுதான் இருக்கிறது.

இதோடு ஓர் உதவியாளரைச் சேர்த்தால் பவர் ஸ்டியரிங். பள்ளி அறிவியல் கண்காட்சியில் இரண்டு ஊசிக்குழல்களைக் குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். ரேக்கின் நடுவில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் இடப்புறம் எண்ணெய் அழுத்தினால் ரேக் வலப்புறம் போகும், வலப்புறம் அழுத்தினால் இடப்புறம். அழுத்தத்தைத் தருவது எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப்.

எந்தப் பக்கம் எண்ணெய் அனுப்ப வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? இந்த அமைப்பின் மிக அழகான பகுதி இங்கேதான் இருக்கிறது. தண்டுக்கும் பினியனுக்கும் நடுவில் டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. சக்கரம் திரும்பத் தயங்கும்போது, நம் கை கொடுக்கும் வலுவில் இந்தக் கம்பி சில பாகை முறுக்கிக்கொள்ளும். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், அவற்றில் எண்ணெய் போகும் வழிகள். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திருகினால் ஓட்டையும் ஓட்டையும் நேருக்கு நேர் வந்து பவுடர் கொட்டும், மறுபடி திருகினால் அடைத்துக்கொள்ளும். கம்பி முறுக்கிக்கொண்டால் உள்ளுருளை சற்று விலகி, ஒரு பக்கத்துக்கு வழி திறந்து மறுபக்கத்துக்கு அடைக்கும். இதைத்தான் வால்வு என்கிறோம். சக்கரம் கைக்கு இணங்கித் திரும்பியதும் முறுக்கு அவிழ்ந்து உதவி நின்றுவிடும்.

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் இருந்த பிரான்சிஸ் டேவிஸ் 1920-களிலேயே இப்படி ஓர் அமைப்பைச் செய்துகாட்டினார். விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பெற்றது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் இது வேண்டாம் என்றே இருந்தன. போர்ஷே 911-க்குப் பவர் ஸ்டியரிங் வந்ததே 1989-இல்தான். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ரோடு கைக்குச் சொல்லும் செய்தியை உதவியாளர் நடுவில் நின்று மறைத்துவிடக் கூடாது என்ற கவலை.

சுருக்கம்: கை கொடுக்கும் வலு கம்பியை முறுக்குகிறது. முறுக்கு வால்வைத் திறக்கிறது. வால்வு எண்ணெயை அனுப்புகிறது. எண்ணெய் ரேக்கைத் தள்ளுகிறது.

## நடுவில் உதவி கிடையாது

மேலே சொன்ன கவலையால், ஸ்டியரிங் நேராக இருக்கும் இடத்தைச் சுற்றி வால்வு கிட்டத்தட்ட உதவியே செய்யாதபடிதான் வடிவமைக்கிறார்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் தும்மினாலும் கார் திரும்பிவிடும். ஆகவே எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது, பவர் ஸ்டியரிங் காரும் ஏறக்குறைய சாதா ஸ்டியரிங் கார்தான்.

பார்க்கிங்கில் நிலைமை தலைகீழ். கம்பி நன்றாக முறுக்கி, வால்வு அகலத் திறந்து, பம்ப் முழு வலுவில் தள்ளும். அந்த வலுவுக்கு முன்னால் ரேக்கிலோ, சக்கரம் திரும்பும் பந்து மூட்டான பால் ஜாயின்ட்டிலோ உள்ள கொஞ்சம் உராய்வு எம்மாத்திரம்? தெரியவே தெரியாது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்தில் இரண்டு முறை ஒடித்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு சார்" என்று சொல்வது இதனால்தான். அவர் பொய் சொல்லவில்லை. நோய் மறைந்துகொள்ளும் இடத்தில் தேடுகிறார்.

## வால்வுக்கு மேலே, வால்வுக்குக் கீழே

பிடிப்பு எங்கே என்று தேடும்போது, முழு அமைப்பையும் வால்வை வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வால்வுக்கு மேலே இருப்பவை வளையம், தண்டு, யுனிவர்சல் ஜாயின்ட்கள். இங்கே உள்ள உராய்வு வால்வுக்குத் தெரியாது. தெரியாத பாரத்துக்கு அது உதவி அனுப்பாது. எனவே இந்த உராய்வு முழுவதையும் கைதான் சுமக்கும். புதுப் பம்ப் போட்டாலும் மாறாது. இங்கே வழக்கமான குற்றவாளி துருப்பிடித்த யுனிவர்சல் ஜாயின்ட். கீழ்க்கணு பல கார்களில் ரோட்டுத் தண்ணீரும் சைலன்சர் சூடும் படும் இடத்தில் இருக்கும். மழைக்காலம் முழுக்க அசையாமல் நிற்கும் காரில் இது சீக்கிரம் இறுகும். அதற்குத் தெளிவான ஓர் அடையாளம் உண்டு: மெதுவாகச் சுற்றினால், ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இரண்டு இடத்தில் கனத்து, இரண்டு இடத்தில் இளகும். சிலுவையின் ஒரு கை இறுகி மறுகை இலகுவாக இருப்பதால் வருவது அது. துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்ததும் நிலைமை தேறினால், குற்றவாளி அகப்பட்டார் என்று அர்த்தம். ஆனால் ஸ்ப்ரே மருந்தல்ல. அந்தத் தண்டை மாற்றத்தான் வேண்டும்.

வால்வுக்குக் கீழே இருப்பவை ரேக், டை ராடு, பால் ஜாயின்ட், சக்கரத்தின் மேல் நிற்கும் சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டின் மேல்முனை பேரிங். இங்கே உள்ள உராய்வு வால்வுக்குத் தெரியும், அது உதவியும் அனுப்பும். அதனால் பார்க்கிங்கில் ஒன்றும் தெரியாது. உதவி ஓய்ந்திருக்கும் நெடுஞ்சாலை நேர்கோட்டில்தான் பிடிப்பு தெரியும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் சோம்பலாகத் திரும்பும். தம்பி சொன்ன அறிகுறியை மறுபடி படித்துப் பாருங்கள்.

பம்பும் பெல்ட்டும் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அவை கெட்டால் வருவது கனம், முனகல் சத்தம், அல்லது முழுக்க ஒடிக்கும்போது உதவி விட்டுவிட்டு வருவது. பெல்ட் வழுக்கினால் கீச்சிடும். இவை எல்லாம் பார்க்கிங்கில்தான் உரக்கத் தெரியும்.

## வீட்டு வாசலில் செய்யக்கூடிய சோதனை

முதலில் டயர். முன் டயர்களில் காற்று சரியா? முன்னால் வைத்திருந்தவர் அகலமான டயர் போட்டாரா? அழகுக்காகச் சின்ன ஸ்டியரிங் வளையம் மாட்டினாரா? 380 மில்லிமீட்டர் வளையத்தை எடுத்துவிட்டு 330 போட்டால், அதே வேலைக்குக் கை சுமார் 15 சதவீதம் அதிக வலு கொடுக்க வேண்டும். இவை எல்லாம் கனம் தருபவை. சரிசெய்யக் காசு அதிகம் ஆகாது, ஆகவே முதலில் முடித்துவிடுங்கள்.

அடுத்து, உதவி வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக மிதமான வலுவில் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் பிடித்ததும் கைக்குக் கீழே ஸ்டியரிங் இளகி நகரவேண்டும். நகர்ந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. சமதரையில் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டாயம் ஜாக் ஸ்டாண்டில் உட்காரவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் எண்ணெய் தொட்டியிலிருந்து பொங்கி வழியலாம். இப்போது உதவியும் இல்லை, டயரின் பாரமும் இல்லை. மிஞ்சியிருப்பது உராய்வு மட்டும். எண்ணெயைத் தள்ளும் சீரான எதிர்ப்பு இருக்கும்; அது இயல்பு. ஓர் இடத்தில் நின்று, தயங்கி, பிறகு விட்டால், அது நோய்.

இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தம்பியின் காரில் மூன்று ஒர்க்‌ஷாப்பிலும் இதைச் செய்யவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்குப் பிறகுள்ள வேலையைக் கையில் பழக்கமுள்ள மெக்கானிக்கோடு சேர்ந்து செய்யுங்கள். டை ராடுகளைச் சக்கரத்திலிருந்து கழற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். அங்கே கரகரத்தால் பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட் பேரிங். இரு சக்கரமும் இலகுவாக இருந்தால், கீழ்த்தண்டை அடையாளம் போட்டுக் கழற்றி, தண்டு தனி, ரேக் தனி என்று திருப்பிப் பார்க்க வேண்டும். தண்டு கழன்றிருக்கும்போது ஸ்டியரிங் வளையத்தைச் சுழலவிடக் கூடாது. ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா அறுந்துவிடும். திரும்ப மாட்டும்போது பழைய லாக் நட்டையும் காட்டர் பின்னையும் போடாமல் புதியது போடவேண்டும். ஸ்டியரிங்கில் ஐம்பது ரூபாய் மிச்சம்பிடிக்கக் கூடாது.

சுருக்கம்: தூக்கு, எஞ்சினை அணை, மெதுவாகத் திருப்பு. பிடித்தால், ஒவ்வொரு கணுவாகப் பிரித்து எது பிடிக்கிறது என்று பார்.

## சத்தத்துக்குப் போட்ட மருந்து

தம்பியின் காரை வில்சன் கார்டனில் ஒரு மெக்கானிக் அண்ணன் இடத்தில் தூக்கினோம். திருப்பினால் நடுப்பகுதியில் நெருக்கம், முனைகளுக்குப் போகப்போக இன்னும் நெருக்கம். சக்கரங்கள் தனியே இலகு. தண்டும் இலகு. ரேக் மட்டும் பிடித்தது. ஆக, மூன்றாவது ஒர்க்‌ஷாப் சொன்ன இடம் சரிதான். ஆனால் ரேக் கெட்டுப்போகவில்லை.

ரேக்கின் முதுகில் ஸ்பிரிங் வைத்த ஒரு கட்டை இருக்கும். பல்லும் பல்லும் விலகாதபடி அது ரேக்கைப் பினியனோடு அழுத்திப் பிடித்திருக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை வைக்க ஒரு திருகு. அதுதான் ரேக் அட்ஜஸ்டர். நம் ஊர் ஹம்ப்பிலும் பள்ளத்திலும் விழுந்து விழுந்து முன்பக்கம் 'டக டக' என்று அடிக்க ஆரம்பித்தால், அந்தத் திருகை ஒரு கால் சுற்று இறுக்கிவிடுவது பல இடங்களில் வழக்கம். சத்தம் அப்போதே நின்றுவிடும். வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் கட்டை ரேக்கை இறுக்கி உராயத் தொடங்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எப்போதும் நேராகத்தான் அதிகம் ஓட்டுகிறோம் என்பதால் ரேக்கின் நடுப்பல்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், தேயாத முனைகளில் ரேக் சிக்கிக்கொள்ளும். முழுக்க ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வரவே வராமல் போகலாம். ரோட்டில் அது பெரிய ஆபத்து.

அண்ணன் பழைய நிலையைப் பெயின்ட் புள்ளியால் குறித்துக்கொண்டார். பிறகு கம்பெனிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, சொன்ன கோணத்துக்குத் தளர்த்தினார். முன்பிருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் கால் சுற்றுக்கும் குறைவு. ஸ்டியரிங் ஒரு விரலுக்கு ஓடியது. கையேடு இல்லாமல் தோராயமாகத் தளர்த்துவதும் தவறுதான். அதிகம் தளர்ந்தால் பல் தாவித் தேயும்.

## எண்ணெயைப் பற்றிச் சில வார்த்தைகள்

எண்ணெய் பிடிப்பை உண்டாக்குவது குறைவு. ஆனால் தவறான எண்ணெய், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களைக் கெடுத்து முழு ரேக்கையும் கொல்லும். சில கார்களுக்குச் சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், சில ஜெர்மன் கார்களுக்குப் பச்சை நிற சிந்தெடிக் ஆயில். எது என்று தொட்டி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள். பிரேக் ஆயிலை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகும்.

எண்ணெய் நுரைத்திருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. சக்கரங்களைத் தூக்கி, எஞ்சின் அணைந்த நிலையில் இருபது முறை போல முனைக்கு முனை மெதுவாகத் திருப்பி, குறைவதை நிரப்பிக்கொண்டே வந்தால் காற்று வெளியேறும். எஞ்சின் ஓடும்போது முழுக்க ஒடித்த நிலையில் சில நொடிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள். போக வழியில்லாத எண்ணெய் கொதிக்கும்.

## எண்ணெயே இல்லாத பவர் ஸ்டியரிங்

பழைய கார் என்றால் எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-இல் மின்சார மோட்டார்தான். பிஎம்டபிள்யூ இசட்4-இன் முதல் தலைமுறையில் சாதாரண வகைக்கு மின்சாரம், எம் வகைக்கு எண்ணெய். எஞ்சின் பின்னால் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2-இன் பிந்தைய தலைமுறைகளில் எண்ணெய்தான், ஆனால் பம்பை ஓட்டுவது பெல்ட் இல்லை, மோட்டார். பானெட்டைத் திறந்து பார்க்காமல் "ஆயில் மாத்துங்க" என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மின்சார வகையில் வால்வுக்குப் பதில், முறுக்கை அளக்கும் சென்சார். எண்ணெய்க்குப் பதில் மோட்டார். மோட்டாரின் சுற்றை ஒரு திருகுப் பல் நைலான் சக்கரத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. பல வருடத்தில் அங்கே கிரீஸ் காய்ந்து கெட்டிப்படும். சூட்டில் நைலான் விரிந்து நெருக்கும். அதனால்தான் சிலருக்கு வெயிலில் நிறுத்திய பிறகு அல்லது ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் நடுவில் பிடிக்கிறது. பேட்டரி வலுவிழந்தாலும் உதவி குறையும், ஆனால் அது கனமாகத் தெரியும். இந்தப் பகுதி பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டிலேயே, ஏர்பேக்குக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டில் கை வைக்காமல், அதைத் திறந்து பழக்கமுள்ளவரிடம் போங்கள்.

## திரும்பி வந்த சத்தம்

தம்பியின் காரில் பிடிப்பு போனதும், நான் எதிர்பார்த்த மாதிரியே பழைய 'டக டக' திரும்பி வந்தது. "அண்ணா, இதுக்கு அதுவே பரவால்ல போல" என்று முகம் வாடிவிட்டார். மெக்கானிக் அண்ணன் சிரிக்காமல் இடது சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். ரேக் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள்ளே, டை ராடின் உள்முனைப் பந்து ஆடியது. சத்தம் ஆரம்பத்திலிருந்தே அங்கிருந்துதான். அந்த உறை கிழிந்து மழைத்தண்ணீர் போயிருந்தது. டை ராடும் உறையும் புதிதாகப் போட்டு, அலைன்மென்ட் பார்த்தோம். ரேக்குக்குக் கேட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். தேவனஹள்ளி தாண்டி, நந்திக்குத் திரும்பும் ரோட்டில் ஆளில்லாத ஒரு வளைவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன். வளையம் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்து நின்றது. தம்பி ஒன்றும் பேசவில்லை. அடுத்த வளைவிலும் அதையே செய்து பார்த்தார்.